எச்சரிக்கையும் குறிப்புரையும்: தானியங்கிச் சீராய்வுக்கு மூலநிரலை ஆயத்தப்படுத்தும் முறை குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மூலநிரலைக் கருவிகளே படித்துப் பிழை சுட்டும் தானியங்கிச் சீராய்வு மென்பொருள் உருவாக்கத்தில் நிலைத்த நடைமுறையாகிவிட்டது. அதற்கு நிரல்தொகுதியை ஆயத்தப்படுத்துவது என்பது எச்சரிக்கைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது என்றே பெரும்பாலும் பொருள் கொள்ளப்படுகிறது. இப்பொருள்கோள் போதாது என்பதை, ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தின் ஒரு வரியைச் சூழ்ந்து வெவ்வேறு காலங்களில் எழுதப்பட்ட மூன்று குறிப்புரைகளை ஒப்பிட்டு இக்கட்டுரை காட்ட முயல்கிறது. லினக்ஸ் கருநிரலின் பட்டறிவும், தமிழ் எழுத்துத் தரவைக் கையாளும் நிரல்களின் சிக்கலும் துணைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மூலநிரல், தானியங்கிச் சீராய்வு, குறிப்புரை, ஓப்பன்எஸ்எஸ்எல், லினக்ஸ், ஒருங்குறி.

முன்னுரை

ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் படித்துப் பார்த்த பின்னரே ஏற்றுக்கொள்வது மென்பொருள் குழுக்களின் நெடுநாள் வழக்கம். அப்படிப்பின் ஒரு பகுதியைக் கருவியிடம் ஒப்படைக்கும் எண்ணமும் புதியதன்று. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக உருவாக்கிய 'லின்ட்' 1970களின் பிற்பகுதிக்குரியது. கம்பைலர் பிழையின்றி ஏற்றுக்கொண்ட நிரலிலும் ஐயத்திற்குரிய இடங்களை அது சுட்டியது. சுட்டிய இடம் உண்மையில் பிழையற்றது என நிரலர் கருதினால், 'இவ்விடத்தை நிரல் எட்டாது', 'இந்த உள்ளீடுகள் பயன்படுத்தப்படா' என்னும் பொருளுடைய குறிச்சொற்களைக் குறிப்புரையாக எழுதி லின்டை அமைதிப்படுத்தலாம். கம்பைலர் குறிப்புரைகளைப் பொருட்படுத்துவதில்லை. சக நிரலர் படிப்பதற்கென்றே அவை எழுதப்பட்டுவந்தன. லின்டின் வருகைக்குப் பின் அவை கருவியும் படிக்கும் இடமாயின. இக்கட்டுரையின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இன்று நிரல்தொகுதியை ஆயத்தப்படுத்துவது என்னும் தொடர் பல பணிகளை உள்ளடக்கியது. ஒரே கட்டளையில் முழு நிரலும் உருவாகும்படி செய்தல், வரிவடிவத்தைச் சீராக்குதல், பழைய எச்சரிக்கைகளைத் தீர்த்தல் அல்லது ஒதுக்குதல், குழுவின் விதிகளை ஒரு கோப்பில் எழுதிவைத்தல் ஆகியன அவற்றுள் சில. இவற்றின் வெற்றி பெரும்பாலும் ஓர் எண்ணால் அளக்கப்படுகிறது: கருவியின் அறிக்கையில் எஞ்சியுள்ள எச்சரிக்கைகள் எத்தனை? அவ்வெண் சுழியமாவது நல்ல அடையாளமாகவும் இருக்கலாம், பேரிடரின் முதற்படியாகவும் இருக்கலாம் என்பதற்கு 2006ஆம் ஆண்டின் நிகழ்வு ஒன்று தெளிவான சான்று.

ஒரு வரியும் மூன்று குறிப்புரைகளும்

ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யப் பயன்படும் நிரலகம். மறையாக்கச் சாவிகள் பிறரால் ஊகிக்க இயலாத தற்போக்கு எண்களிலிருந்து பிறக்க வேண்டும். அவ்வெண்களை உருவாக்கிய கோப்பில், ஒரு வரி இரண்டு இடங்களில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக அமைந்திருந்தது. பஃபர் எனப்படும் நினைவகத் துண்டிலுள்ள பைட்டுகளை எடுத்து, எண்ணாக்கத்திற்கு அடிப்படையான கலவையில் சேர்ப்பது அவ்வரியின் வேலை.

தோற்றம் ஒன்றாயினும் இரண்டு இடங்களிலும் பணி வேறு. முதலிடம், வெளியிலிருந்து வரும் தற்போக்குத் தரவைக் கலவைக்குள் கொண்டுவரும் சார்பு. அத்தரவு உள்ளே நுழையும் வாயிலே அந்த வரிதான். இரண்டாமிடம், உருவான எண்ணைக் கேட்டவருக்கு வழங்கும் சார்பு. விடையை இட்டு நிரப்புவதற்காகக் கேட்டவர் ஒரு வெற்றுப் பஃபரைக் கொடுப்பார். அதில் முன்பே தற்செயலாகக் கிடந்த பைட்டுகளையும் வீணாக்காமல் கலவையில் சேர்ப்பது அங்கே வரியின் நோக்கம். இதனை நீக்கினாலும் பெருங்கேடு இல்லை.

நிரல் இயங்கும்போது நினைவகத்தைக் கண்காணிக்கும் கருவிகள், தொடக்க மதிப்பு இடப்படாத நினைவகத்தைப் படித்துப் பயன்படுத்துவதைக் குறையாகச் சுட்டும். பொதுவாக அது பிழையே. 'பியூரிஃபை' என்னும் கருவி ஓப்பன்எஸ்எஸ்எல்லின் இரண்டாம் இடத்தில் அவ்வாறு சுட்டியது. உருவாக்கியோர் அதற்கு ஆயத்தம் செய்தனர். பியூரிஃபை கொண்டு சோதிக்கும்போது மட்டும் அந்த வரி விலகிக்கொள்ளும்படி நிபந்தனை இட்டு, வரியின் அருகே 'பியூரிஃபை குறைகூறுகிறது' என்னும் பொருளுடைய ஈரிரு சொற்களை எழுதினர். இதுவே முதற் குறிப்புரை. முதலிடத்து வரிக்கோ எக்குறிப்புரையும் இல்லை. இன்றியமையாத வரி உரையின்றி நின்றது. நீக்கத்தக்க வரி, கருவியின் குறையை மட்டும் ஏந்தி நின்றது.

2006இல், ஓப்பன்எஸ்எஸ்எல்லை டெபியன் இயக்கமுறைமைக்காகப் பொதிசெய்து வழங்கியவர், 'வால்கிரைண்ட்' என்னும் கருவியின் எச்சரிக்கைகளைத் தீர்க்க முற்பட்டார். ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பயன்படுத்தும் எந்த நிரலைச் சோதித்தாலும் அவ்வெச்சரிக்கைகள் பெருகித் தோன்றி உண்மைப் பிழைகளை மறைத்தன. ஆகவே அவர் நோக்கத்தில் குறை காண இயலாது. அவர் மூல உருவாக்கத் தரப்பினரிடம் கேட்கவும் செய்தார். வழுநீக்கத்திற்கு உதவுமாயின் நீக்கலாம் என்னும் போக்கில் மறுமொழி கிடைத்தது. இரண்டு இடங்களிலும் வரி முடக்கப்பட்டது. முடக்கியவர் எழுதிவைத்த காரணம், 'தொடக்க மதிப்பிடப்படாத தரவைச் சேர்க்காதே' என்பது. இது இரண்டாவது குறிப்புரை.

எச்சரிக்கைகள் அடங்கின. கலவைக்குள் தற்போக்குத் தரவு வரும் வாயிலும் அடைபட்டது. ஒரு சாவியை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்த நடைமுறையில் எஞ்சியது, இயங்கும் நிரலுக்கு இயக்கமுறைமை இடும் வரிசை எண் மட்டுமே. லினக்ஸில் வழக்கமாக அவ்வெண்ணின் உச்ச வரம்பு 32,768. அதாவது ஒரு குறிப்பிட்ட கணிப்பொறி வகைக்கும் சாவி அளவுக்கும் உலகில் உருவாகக்கூடிய சாவிகள் ஏறத்தாழ அத்தனையே. அனைத்தையும் முன்கூட்டியே உருவாக்கிப் பட்டியலிட்டுவிடலாம். 2006 செப்டம்பர் முதல் வழங்கப்பட்ட பதிப்புகளில் இருந்த இக்குறையை லூசியானோ பெல்லோ கண்டறிந்தார். 2008 மே 13 அன்று டெபியன் அதனை அறிவித்தது. உபுண்டு உள்ளிட்ட வழிப்பதிப்புகளும் பாதிக்கப்பட்டிருந்தன. நிரலைத் திருத்துவது எளிதாயிற்று. ஆனால் இடைக்காலத்தில் பிறந்த சாவிகள் வழங்கிகளில் நிலைபெற்றுவிட்டன. திருத்திய நிரலை நிறுவியதால் பழைய சாவி வலிமை பெறுவதில்லை. ஆகவே, பலவீனமான சாவிகளின் பட்டியலையே ஒரு பொதியாக வெளியிட்டு அவற்றை விலக்க வேண்டியதாயிற்று.

இந்நிகழ்விலிருந்து வழக்கமாகப் பெறப்படும் படிப்பினைகள் இரண்டு: மறையாக்க நிரலை வல்லுநரல்லாதார் தொடலாகாது, பொதிசெய்வோர் மூலநிரலைத் தாமே மாற்றலாகாது. இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் அவை ஆளைப் பற்றியவை. நிரலின் எழுத்தைப் பற்றியவை அல்ல. முதலிரண்டு குறிப்புரைகளையும் உரை என்னும் நிலையில் வைத்துப் படித்தால் வேறொன்று புலனாகிறது. காண்டிகையுரைக்கு நன்னூல் கூறும் உறுப்புகளில் முதலில் நிற்பது கருத்து. 'பியூரிஃபை குறைகூறுகிறது' என்பதில் கருத்து இல்லை. குறைகூறுபவர் யார் என்பது மட்டுமே உள்ளது. வரி எதற்காக உள்ளது, அது விலகினால் எது கெடும், அதே உருவில் மற்றோரிடத்தில் நிற்கும் வரியும் இதுவும் ஒன்றா என்னும் வினாக்களுக்கு அதில் விடையில்லை. இரண்டாவது குறிப்புரையும் அக்குறையையே பெற்றுள்ளது. கருவியின் கூற்றை அது ஏவலாக மாற்றி எழுதியதேயன்றி மூலத்தின் நோக்கத்தைத் தொடவில்லை. இரண்டிலும் பேசுவது கருவியின் குரல். ஆசிரியரின் குரல் எங்கும் பதிவாகவில்லை. பொருள் விளங்காத பாடத்தைப் பிழையெனக் கொண்டு தாமே திருத்திவிடும் பதிப்பாசிரியரின் நிலை சுவடிப் பதிப்பை அறிந்தோருக்குப் புதிதன்று. ஆனால் அங்கே பழைய சுவடியோ அடிக்குறிப்பிலுள்ள பாடவேறுபாடோ எஞ்சியிருந்து பின்வருவோருக்கு உதவும். இங்கே பழைய பாடம் வரலாற்றுப் பதிவேட்டில் இருந்தும், அதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்னும் ஐயமே எவருக்கும் எழவில்லை. எச்சரிக்கை நின்றுவிட்டது அல்லவா?

மூன்றாவது குறிப்புரை ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பிந்தைய பதிப்புகளில் காணப்படுவது. முதலிடத்து வரியின் மேல், இதனை நீக்கவே கூடாது என்று பேரெழுத்துகளில் எழுதப்பட்டது. அதன் கீழ், பியூரிஃபை, வால்கிரைண்ட் போன்ற கருவிகள் குறைகூறக்கூடும் என்பது தெரிந்ததே என்றும், குறை இவ்வரியில் இல்லை, தரவைக் கொடுத்து அழைப்பவரிடமே உள்ளது என்றும், நீக்கினால் தற்போக்குத் தன்மை கெட்டுப் பாதுகாப்பற்ற சாவிகள் பிறக்கும் என்றும் விளக்கம் தொடர்ந்தது. கருவியின் கூற்று, அதற்கு மறுப்பு, மறுப்பின் காரணம், நீக்குவதன் விளைவு ஆகியன அனைத்தும் சில வரிகளில் அடங்கிவிட்டன. இதை எழுதப் புதிய அறிவு எதுவும் தேவைப்படவில்லை. அவ்வரியை முதலில் எழுதியவருக்கே அதன் பயன் தெரிந்திருக்கும். பியூரிஃபைக்காக ஆயத்தம் செய்த நாளில் எழுதியிருக்கக்கூடிய உரை, பேரிழப்புக்குப் பின் எழுதப்பட்டது.

'வேண்டுமென்றே' என்னும் சொல்லின் பொறுப்பு

கருவிக்காக எழுதப்படும் ஒவ்வொரு குறிப்பும் ஒரு கூற்று என்பதை லினக்ஸ் கருநிரலின் ஆயத்தப் பணி ஒன்று நன்கு காட்டுகிறது. சி மொழியில் பல வழிகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் அமைப்பில், ஒரு வழியின் இறுதியில் 'நிறுத்து' என்னும் கட்டளை இல்லையெனில் ஓட்டம் அடுத்த வழிக்குள் விழுந்துவிடும். சில இடங்களில் நிரலர் இதை விரும்பியே செய்கிறார். சில இடங்களில் மறதியால் நேர்கிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. 2017இல் வெளிவந்த ஜிசிசி 7, இத்தகைய இடங்களைச் சுட்டும் எச்சரிக்கையை அறிமுகப்படுத்தியது. 'கீழே விழுகிறது' என்னும் குறிப்புரை இருப்பின் அவ்விடத்தை விட்டுவிடும். கிளாங் கம்பைலரோ அக்குறிப்புரையை ஏற்பதில்லை. ஆகவே கருநிரலில் அதற்கெனத் தனிச்சொல் ஒன்றே வரையறுக்கப்பட்டு, குறிப்புரைகள் இருந்த இடங்களில் இடப்பட்டது. 2019இல் வெளியான 5.3ஆம் பதிப்பிலிருந்து அவ்வெச்சரிக்கை கருநிரல் முழுமைக்கும் நடைமுறைக்கு வந்தது.

இடைப்பட்ட காலத்தில் நடந்த வேலையே கவனத்திற்குரியது. எச்சரிக்கை எழுந்த இடங்களிலெல்லாம் குறிப்பை இட்டு நிரப்ப ஒரு சிறு நிரலே போதும். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். அவ்வாறு செய்திருந்தால் மறதியால் விளைந்த ஒவ்வொரு பிழைக்கும் 'வேண்டுமென்றே' என்னும் சான்றிதழ் கிடைத்திருக்கும். பின்னர் படிப்போர் அங்கே ஐயுறவும் மாட்டார்கள். குஸ்தாவோ சில்வா முன்னின்று செய்த இப்பணியில் ஒவ்வோர் இடமும் தனித்துப் படிக்கப்பட்டது. உண்மையாகவே 'நிறுத்து' விடுபட்டிருந்த இடங்கள் அவ்வாறே வெளிப்பட்டுத் திருத்தப்பட்டன. பணி ஆண்டுக்கணக்கில் நீண்டதற்கு இதுவே காரணம்.

இதே கருநிரலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2003இல் எழுதத் தொடங்கிய 'ஸ்பார்ஸ்' கருவியும் எண்ணத்தக்கது. பயனர் நிரலிலிருந்து வரும் நினைவக முகவரியைக் கருநிரல் நேரடியாக நம்பிப் பயன்படுத்தினால் பாதுகாப்பு குலையும். முகவரி என்னும் அளவில் கருநிரலின் சொந்த முகவரிக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. எனவே அத்தகைய முகவரிகளுக்குப் 'பயனருடையது' என்னும் அடைமொழி இடப்பட்டது. வழக்கமான கம்பைல் பணியில் அது பொருளற்றது. ஸ்பார்ஸுக்கோ அதுவே பிழை காணும் கண். இவ்வடைமொழி எச்சரிக்கையை அடக்கவில்லை, முன்பு எழ வாய்ப்பில்லாத எச்சரிக்கைகளை எழச்செய்தது. ஆயத்தத்தின் பயன் எச்சரிக்கை குறைவதே என்னும் அளவுகோலை வைத்தால் இச்சிறந்த ஆயத்தம் தோல்வி என்றே மதிப்பிடப்படும்.

எச்சரிக்கையை அடக்கும் குறிக்குக் காரணமும் எழுத இடம் வேண்டும் என்பதை மொழி வடிவமைப்போரும் உணர்ந்துள்ளனர். ரஸ்ட் மொழியின் 1.81ஆம் பதிப்பு (2024) இருவகை வசதிகளை நிலைப்படுத்தியது. ஒன்று, அடக்கும் குறியிலேயே காரணத்தை எழுதும் இடம். மற்றொன்று, 'இங்கே இவ்வெச்சரிக்கை எழும் என எதிர்பார்க்கிறேன்' என்று அறிவிக்கும் குறி. பின்னொரு நாள் நிரல் மாறி அவ்வெச்சரிக்கை எழாமற்போனால், குறி காலாவதியாயிற்று என்று கருவியே தெரிவிக்கும். இரண்டாவது வசதி மிகவும் போற்றத்தக்கது. காரணம் மறைந்த பின்னும் குறிப்புகள் நிலைத்திருப்பதே பழைய நிரல்தொகுதிகளின் பெருநோய். முதல் வசதி எழுதுபவரைப் பொறுத்தது. காரணம் எழுதும் இடத்தில் 'கருவி தவறாகச் சொல்கிறது' என்று எழுதினால், அது 'பியூரிஃபை குறைகூறுகிறது' என்பதன் மறுபதிப்பே.

மிகுதியும் ஒதுக்கீடும்

எச்சரிக்கைகளின் எண்ணிக்கையைப் பொருட்படுத்தவே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. கவரிட்டி கருவியை உருவாக்கியோர் தம் வணிகப் பட்டறிவை 2010இல் கட்டுரையாக வெளியிட்டனர். பொய் எச்சரிக்கை 30 விழுக்காட்டைக் கடந்தால் மக்கள் கருவியையே புறக்கணிக்கின்றனர் என்றும், விளங்காத உண்மைப் பிழையைப் பொய்யெனத் தள்ளிவிடுகின்றனர் என்றும் அதில் பதிவு செய்தனர். அடிப்படையான மற்றொன்றையும் அவர்கள் வலியுறுத்தினர்: கருவியின் கண்ணுக்குப் படாத நிரலை அது சோதிக்க இயலாது. நிரல்தொகுதி எவ்வாறு உருவாக்கப்படுகிறது என்பது குழுவினருக்கே தெளிவாகத் தெரியாத நிலையில், பாதிக் கோப்புகள் கருவியை எட்டாமலே 'பிழை குறைவு' என்னும் அறிக்கை வந்துவிடக்கூடும். சுழியம் என்னும் எண்ணுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு.

பழைய நிரல்தொகுதியில் முதன்முறையாகக் கருவியை இயக்கினால் ஆயிரக்கணக்கில் எச்சரிக்கைகள் கொட்டும். அவற்றைப் பட்டியலாக உறையவைத்து, புதிய மாற்றங்களில் தோன்றுவனவற்றை மட்டும் காட்டுவது இன்றைய வழக்கம். இதற்கு வலுவான ஆதாரம் உண்டு. ஃபேஸ்புக் நிறுவனத்தார் 2019இல் வெளியிட்ட கட்டுரையின்படி, 'இன்ஃபர்' கருவி கண்ட பிழைகளை மொத்தப் பட்டியலாகக் கொடுத்தபோது திருத்தப்பட்டவை ஏறத்தாழ ஒன்றுமில்லை. அதே வகைப் பிழைகளை நிரலர் மாற்றம் செய்துகொண்டிருக்கும் வேளையிலேயே காட்டியபோது 70 விழுக்காட்டுக்கும் மேல் திருத்தப்பட்டன. மனித இயல்பை அறிந்து செய்த ஏற்பாடு இது. ஆயினும் உறையவைத்த பட்டியல் கடன் ஏடு போன்றது. அதைத் திறந்து பார்க்கும் நாள் குறிக்கப்படவில்லையெனில், 'பின்னர் பார்ப்போம்' என ஒதுக்கியது சில ஆண்டுகளில் 'ஆராய்ந்து ஏற்றது' என்னும் மதிப்பைப் பெற்றுவிடும்.

வரிவடிவம்

வரிவடிவத்தைச் சீராக்குவது பொதுவாகத் தீங்கற்ற பணியாகக் கருதப்படுகிறது. பெரும்பாலும் அது சரியே. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் திருத்தி வெளியிட்ட பாதுகாப்புப் பிழை, ஒரு தாவல் கட்டளை இருமுறை எழுதப்பட்டதால் விளைந்தது. இரண்டாவது வரி முதல்வரியோடு ஒத்த உள்தள்ளலில் நின்றமையால், நிபந்தனைக்கு உட்பட்டது போலவே கண்ணுக்குத் தோன்றியது. உண்மையில் அது எப்போதும் இயங்கி, கையொப்பச் சரிபார்ப்பைத் தாண்டிச் சென்றது. தானியங்கி வடிவமைப்பி ஒன்று அந்நிரலைத் தொட்டிருந்தால் உள்தள்ளல் மாறிப் பிழை கண்ணில் பட்டிருக்கும். இத்தகைய ஏமாற்று உள்தள்ளலைச் சுட்டும் எச்சரிக்கை 2016இல் ஜிசிசி 6உடன் வந்தது.

முழுத் தொகுதியையும் ஒரே நாளில் மறுவடிவமைத்தால் ஒவ்வொரு வரியையும் இறுதியாக மாற்றியவர் வடிவமைப்பியே எனப் பதிவேடு காட்டும். வரி ஏன் எழுதப்பட்டது என்பதை அறிய வரலாற்றை நாடுவோருக்கு இது தடை. கிட் மென்பொருளின் 2.23ஆம் பதிப்பு (2019) இத்தகைய மாற்றங்களைக் கணக்கில் கொள்ளாமல் வரலாற்றைக் காட்டும் வழியைத் தந்த பின் இத்தடை பெருமளவு நீங்கியது.

தமிழ் எழுத்துத் தரவும் நோக்கப் பதிவும்

மேற்கூறிய சிக்கல் தமிழ்மொழி மென்பொருளில் தனி உருவம் கொள்கிறது. ஒருங்குறியில் 'கொ' என்னும் எழுத்தைக் ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்த இரு குறியீடுகளாகவும், ககரம், எகரக் குறி, கால் என மூன்று குறியீடுகளாகவும் எழுதலாம். ஒருங்குறித் தரம் இரண்டையும் சமமெனக் கொள்கிறது. 'கௌ' என்பதை ஔகாரக் குறியால் எழுதாமல், 'கெ' என்பதன் பின் ளகரத்தை இட்டுக் 'கெள' என எழுதும் வழக்கமும் பரவலானது. கண்ணுக்கு இவை ஏறத்தாழ ஒன்றாயினும் இவற்றைத் தரம் சமமாகக் கொள்வதில்லை, ளகரம் வேறெழுத்து. பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் இடலாம்; பெயர்களை ஒருமைப்படுத்தியே அம்மொழி ஒப்பிடும். மேற்கோள் குறிகளுக்குள் வரும் சரங்களுக்கு அவ்விதி இல்லை.

தேடல், அகரவரிசை, சொற்பிழைத் திருத்தம் ஆகியவற்றுக்கான நிரல்கள் இவ்வேறுபாடுகளைச் சரியாகக் கையாள்கின்றனவா எனச் சோதிக்க, சோதனைக் கோப்புகளில் இரு வடிவங்களையும் திட்டமிட்டே இடவேண்டியுள்ளது. அத்தகைய கோப்பில் 'கொ' ஒரு வரியில் இரு குறியீடுகளாகவும் அடுத்த வரியில் மூன்றாகவும் இருக்கும். படிக்கும் மனிதருக்கு ஒரே வரி இருமுறை எழுதப்பட்டதாகத் தோன்றும். ஒன்றை வீணெனக் கருதி நீக்கலாம். சீராய்வுக்கு முன் எல்லாக் கோப்புகளையும் ஒரே ஒருங்குறி வடிவத்திற்கு மாற்றும் நிரலை இயக்கினால் வேறுபாடே அழிந்துபோகும். அதன் பின்னும் சோதனை வெற்றி பெறும். எதையும் சோதிக்காமலே வெற்றி பெறும். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஓருருவ வரிகள் இரண்டு வெவ்வேறு பணி செய்ததைப் போன்றதே இது. இவ்விடத்தில் தேவைப்படுவது, 'இவ்வரி மூன்று குறியீடுகளால் ஆனது. ஒருமைப்படுத்துதல் சரியாக நிகழ்கிறதா என அறியவே இவ்வாறு உள்ளது. மாற்றினால் சோதனை பொருளற்றதாகும்' என்னும் மூன்று தொடர்கள். அதனினும் உறுதியானது, எழுத்துருவை நேரே இடாமல் குறியீட்டு எண்களாலேயே சரத்தை எழுதுவது. அப்போது நோக்கம் பாடத்திலேயே வெளிப்பட்டு நிற்கும்.

குறிப்புரையைப் படிக்கும் கருவிகள்

லின்ட் முதல் கவரிட்டி வரையிலான கருவிகள் தமக்கென வரையறுத்த குறிச்சொற்களைத் தவிரக் குறிப்புரையின் பிற பகுதிகளைப் பொருட்படுத்தவில்லை. பெரிய மொழி மாதிரிகளை அடிப்படையாகக் கொண்ட இன்றைய சீராய்வுக் கருவிகள் குறிப்புரை, சார்பின் பெயர், மாற்றத்தின் விளக்கம், குழுவின் விதிக்கோப்பு ஆகிய அனைத்தையும் நிரலோடு சேர்த்தே படிக்கின்றன. ஆகவே அவற்றுக்கான ஆயத்தம் பெரிதும் விதிக்கோப்பு எழுதுவதாக மாறியுள்ளது. 'பெயர்கள் இவ்வாறு அமைக', 'இக்கோப்புறையைத் தொடாதே', 'இவ்வகை எச்சரிக்கை வேண்டா' என்னும் ஏவல்கள் அக்கோப்புகளில் நிறைகின்றன.

இங்கே பழைய குறை புதிய விரிவைப் பெறும் வாய்ப்புள்ளது. முந்தைய கருவி உண்மையற்ற குறிப்புரையால் ஏமாறவில்லை, அதைப் படிக்கவே இல்லை. புதிய கருவி படிக்கிறது. படித்ததைச் சான்றாகவும் கொள்கிறது. 'இம்மதிப்பு முன்பே சரிபார்க்கப்பட்டது' என்னும் குறிப்புரை பத்தாண்டுகளுக்கு முன் உண்மையாக இருந்திருக்கலாம். சரிபார்த்த சார்பு பின்னர் நீக்கப்பட்டிருக்கலாம். அக்குறிப்புரையை நம்பும் சீராய்வு, மனிதச் சீராய்வாளர் நம்பித் தவறும் அதே இடத்தில் தவறும். அவ்வாறே, காரணம் கூறாத ஏவல்கள் நிறைந்த விதிக்கோப்பு, 'தொடக்க மதிப்பிடப்படாத தரவைச் சேர்க்காதே' என்னும் இரண்டாவது குறிப்புரையின் இயல்பையே உடையது. விதி பொருந்தும் இடத்தையும் பொருந்தாத இடத்தையும் பிரித்தறியும் அடிப்படை அதில் இல்லை. எனவே புதிய கருவிக்கென நிரல்தொகுதியை ஆயத்தப்படுத்தும் குழு, விதிக்கோப்பை எழுதத் தொடங்குமுன் இருக்கும் குறிப்புரைகளை ஒருமுறை படித்து, இன்று பொய்யானவற்றை நீக்குவதும், விந்தையாகத் தோன்றும் வரிகளுக்குக் காரணம் எழுதுவதும் முறை. இப்பணியைக் கருவியிடமே ஒப்படைக்கும் வழக்கமும் தோன்றியுள்ளது. வரி என்ன செய்கிறது என்பதை நிரலிலிருந்தே வருவித்து நன்கு எழுத அதனால் இயலும். ஏன் அவ்வாறு எழுதப்பட்டது என்பது நிரலில் இல்லாதபோது, அது எழுதும் காரணம் ஊகமே. ஆனால் படிப்போருக்கு அது ஆசிரியர் கூற்றாகவே தோன்றும்.

ஓப்பன்எஸ்எஸ்எல்லின் தற்போக்கு எண் பகுதி, 2018 செப்டம்பரில் வெளியான 1.1.1ஆம் பதிப்பில் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது. பழைய கோப்பு நீங்கியது. அந்த வரியும், அதை நீக்கலாகாது எனப் பேரெழுத்துகளில் எழுதப்பட்ட உரையும் அதனுடன் நீங்கின.